பங்க் கிட்டார் கற்க எது சரியான வழி: வகுப்பா, யூடியூப்பா, ஜாமிங் ஸ்டூடியோவா?

செந்தூலில் இருக்கும் எங்கள் அக்கா போன மாதம் போன் போட்டார். மகன் நான்காம் படிவம், அடுத்த வருடம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. இந்த நேரத்தில் கிட்டார் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், அதுவும் பங்க் ராக் வாசிக்கத்தானாம். "தம்பி, காசு பரவாயில்ல. ஒழுங்கா சொல்லிக் குடுக்கிற இடமா ஒண்ணு சொல்லு. பாதியில விட்டுட்டு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கோலாலம்பூரில் இருப்பவருக்கு நாலு வழி இருக்கிறது: மியூசிக் சென்டரில் சேர்வது, தனி ஆசிரியரிடம் படிப்பது, யூடியூப் பார்த்துத் தானே கற்பது, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் நண்பர்களோடு இறங்கிவிடுவது. இருபது வருடத்தில் இந்த நாலிலும் நான் நேரமும் காசும் போட்டிருக்கிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கு முன், பங்க் கிட்டாரில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இடம் தேடினால் காசுதான் போகும்.

கிட்டார் வாசிப்பவரைப் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் இடது கைக்குத்தான் போகும். பங்க்கில் இடது கைக்கு வேலை குறைவு. கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி. அதில் பவர் கார்டு ஒன்று தெரிந்தால் பாதிப் பாட்டு கைக்கு வந்துவிடும். ஆட்காட்டி விரல் ஆதார சுரத்தில், மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு ஃப்ரெட் (கழுத்திலுள்ள கட்டம்) தள்ளி அடுத்த இரண்டு கம்பிகளில். நம் கணக்கில் ஸ, ப, மேல் ஸ. காந்தாரம் கிடையாது. அதனால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. ஆறாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ, அதே விரல்களை அப்படியே ஐந்தாவது கம்பிக்கு இறக்கினால் டி, அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் ஈ. விரல் அமைப்பு மாறவே மாறாது, கை மட்டும் நகரும்.

காந்தாரத்தை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஸவுக்கும் பவுக்கும் அதிர்வெண் விகிதம் 2க்கு 3. டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு, ஏற்றிய ஆம்ப் (ஒலிபெருக்கி), வாசிக்கும் சுரங்களோடு அவற்றின் வித்தியாசத்தையும் ஒரு சுரமாகப் பிறப்பிக்கும். 3இல் 2 போனால் 1. அதாவது கீழ் ஸ்தாயி ஸ. விரலால் பிடித்த ஒலிக்கு அடியில் இன்னொரு கனமான ஸ தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் இந்த வித்தியாசச் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். டிஸ்டார்ஷனைக் கூட்டக் கூட அந்தக் கலக்கமும் கூடும். இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் "இது சோம்பேறிகளின் கார்டு" என்று சொல்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

1977 வாக்கில் பிரிட்டிஷ் பங்க் கூட்டத்தின் ரசிகர் இதழ் ஒன்று மூன்று கார்டுகளைக் கையால் வரைந்து போட்டு, போய் ஒரு குழு தொடங்கு என்று வாசகர்களிடம் சொன்னது. இடது கையைப் பொறுத்தவரை அது உண்மை. ஒரு வாரத்தில் மூன்று கார்டு வந்துவிடும்.

வலது கை அப்படி இல்லை. நியூயார்க் பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது: 14 பாட்டு, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் கிட்டார் வாசிக்கும் ஜானி ரமோனின் வலது கை கிட்டத்தட்ட எப்போதும் கீழ்நோக்கியே அடிக்கிறது. நிமிடத்துக்கு 170 பீட் என்றால், ஒரு பீட்டுக்கு இரண்டு அடி வீதம் 340 அடி. வினாடிக்கு ஐந்தரைக்கு மேல். மேலும் கீழுமாக அடித்தால் கைக்குப் பாதி வேலைதான். ஆனால் மேல் அடி மெல்லிய கம்பியை முதலில் தொடும், கீழ் அடி தடித்த கம்பியை முதலில் தொடும். ஒன்று இளைத்தும் ஒன்று கொழுத்தும் ஒலிக்கும். எல்லாமே கீழ் அடியாக இருந்தால்தான் அந்த ஒரே சீரான உறுமல் வரும். அதோடு பாம் மியூட் வேறு, அதாவது கம்பியை உள்ளங்கையால் பாதி அடக்கி அடிப்பது. உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் கம்பி தொடங்கும் இடத்தில் இலேசாக வைத்து அடிக்க வேண்டும். அரை அங்குலம் முன்னால் போனால் ஒலி செத்துவிடும், பின்னால் போனால் கம்பி அடங்காது.

தைப்பூசத்தில் பத்துமலைக்கு உறுமி அடித்துக்கொண்டு போகும் பையன்களைக் கவனியுங்கள். மணிக்கணக்கில் அடிக்கிறார்கள், தோள் இறுகாது, முழங்கை விறைக்காது. குச்சி பிடித்த கையில் மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும். பங்க் கிட்டாரின் வலது கையும் அதே கைதான். நான் முதல் ஒன்றரை வருடம் முழங்கையிலிருந்து அடித்தேன். யாரும் சொல்லவில்லை. கடைசியில் முன்கையில் வலி பிடித்து, டம்ளர் தூக்கினாலே சுண்டியது. இரண்டு மாதம் கிட்டாரைத் தொடவில்லை. திரும்பி வந்து மணிக்கட்டால் அடிக்கப் பழக இன்னும் நாலு மாதம்.

ஆகவே எந்த வழியாக இருந்தாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். என் வலது கையை அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? டிரம்மோடு சேர்ந்து வாசிக்க எத்தனை நாள் ஆகும்?

மியூசிக் சென்டரில் பெரும்பாலும் வாரம் அரை மணி நேரம், மாதம் நாலு வகுப்பு. கட்டணம் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் மாதம் 100 வெள்ளிக்கு மேல். டிரினிட்டி ராக் அண்ட் பாப், ராக்ஸ்கூல் போன்ற கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்வார்கள். அவை பழைய பியானோ தேர்வு மாதிரி இல்லை. டிரினிட்டியில் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும், பின்னணி இசையோடு வாசிக்கும் பழக்கம் வரும். சுருதி சேர்ப்பது, தாளத்தைத் தாளில் படிப்பது, உட்காரும் விதம் எல்லாம் ஒழுங்காக வரும். வாரம் தவறாமல் போக வேண்டும் என்ற கட்டாயம் சில பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. பெற்றோருக்கும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

என் அனுபவம் கசப்பானது. ஈப்போ சாலைப் பக்கம் ஒரு சென்டரில் ஐந்து மாதம் போனேன். ஆசிரியர் நல்ல மனிதர், விரல் அழகாக ஓடும். ஆனால் பக்கத்து அறையில் பியானோ வகுப்பு நடப்பதால் ஆம்ப் சத்தம் ஒன்றைத் தாண்டக் கூடாது. பாம் மியூட் எப்போது என்று கேட்டால், அது பின்னால் வரும் கிரேடில் இருக்கிறது என்பார். ஐந்து மாதமும் என் வலது கையை ஒரு தடவைகூட அவர் பிடித்துப் பார்க்கவில்லை. எல்லா சென்டரும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். பாடத்திட்டம் எல்லா வகை இசைக்கும் பொதுவானது. அதில் பங்க்குக்குத் தேவையானது தாமதமாக வரும், அல்லது வராமலே போகும்.

தனி ஆசிரியரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆள் சரியாக அமைந்தால் இதைவிட நல்லது எதுவும் கிடையாது, அமையாவிட்டால் சென்டருக்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுத்து அதே பாடத்தைப் படிப்பீர்கள். சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தக் குழுவில் வாசிக்கிறீர்கள் அண்ணே? கீழ் அடி மட்டும் வைத்து இரண்டு நிமிடம் நிறுத்தாமல் வாசித்துக் காட்ட முடியுமா? முகம் சுளிக்காமல் வாசித்துக் காட்டுபவரிடம் சேரலாம். மாதக் கணக்கில் கட்ட வேண்டாம். நாலு வகுப்பு போதும், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையைக் காட்டிவிட்டு வரலாம்.

யூடியூபில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை, எல்லாம் இலவசம். வேகத்தை 0.75க்கோ 0.5க்கோ குறைத்தாலும் சுருதி மாறாது. அந்த ஒரு வசதி எங்கள் காலத்தில் கிடைத்திருந்தால் எத்தனையோ கேசட்டுகள் தேய்ந்திருக்காது. பாடம் எடுக்கும் வீடியோக்களைவிட, பழைய நிகழ்ச்சிப் பதிவுகளைப் பார்க்கச் சொல்வேன். கேமரா வலது கைக்கு நெருங்கும் இடத்தில் நிறுத்தி, பிக் (கம்பியை அடிக்கும் சின்ன வில்லை) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளங்கை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எழுதி இணையத்தில் போடும் டேப் குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், பல தப்பு. பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று காதால் பிடித்தால் பவர் கார்டு தானாகத் தெரிந்துவிடும்.

குறை என்னவென்றால், திரை உங்களைப் பார்க்காது. என் முன்கை வலி இந்த வழியில் வந்ததுதான். அதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. போனை மேசையில் நிறுத்தி, உங்கள் வலது கையை மட்டும் தினமும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 பீட்டில் வைத்து, ஒரு கார்டைப் பிடித்து, கீழ் அடி மட்டும். அந்த ஒரு நிமிடம் முழுவதும் தோள் ஏறாமல், கட்டைவிரல் வெளுக்காமல் தாங்கினால் மறுநாள் 104. தாங்காவிட்டால் அதே 100. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். களைப்பு வேறு, வலி வேறு.

இன்னொரு குறையும் உண்டு, அது இதைவிடப் பெரியது. தனி அறையில் தப்பு வந்தால் நாம் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறோம். வருடக் கணக்கில் அப்படிப் பழகினால், பாட்டின் முதல் பாதி மட்டும் பிரமாதமாக வாசிக்கும் ஆளாக ஆகிவிடுவோம்.

ஜாமிங் ஸ்டூடியோ அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் உடைத்துவிடும். கெப்போங் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் நான் வழக்கமாகப் போகும் இடம் இருக்கிறது. சுவரெல்லாம் கம்பளம், ஒரு டிரம் செட், இரண்டு கிட்டார் ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், மைக். மணிக்கு 30 வெள்ளி. மூன்று பேர் போனால் ஆளுக்குப் பத்து. மாதம் நாலு தடவை இரண்டிரண்டு மணி நேரம் போனாலும் ஒருவருக்கு 80 வெள்ளிதான்.

அக்கா போன் போட்ட அதே வாரம் என் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை மருமகனிடம் கொடுத்து, மேலே சொன்ன ஒரு நிமிடப் பயிற்சியைத் தொடங்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அவனை அங்கே அழைத்துப் போனேன். டிரம்முக்கு அவன் பெரியப்பா மகன் வந்தான். கோயில் உறுமி மேளத்தில் வாசிப்பவன், டிரம் செட்டில் உட்கார்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 120 பீட்டில் மெதுவாகத்தான் எண்ணி ஆரம்பித்தான். ஏ, டி, ஈ, திரும்ப ஏ. முதல் அரை நிமிடம் சரியாகப் போனது. பிறகு மருமகன் விரலில் வேர்த்து, பிக் மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. முனை போய் விளிம்பு கம்பியில் உரசியது. ஆட்காட்டி விரல் நகத்தடியில் தோல் வழன்று, மூன்றாவது கம்பியில் சின்னதாய்ச் சிவப்பு தெரிந்தது. கை நின்றுவிட்டது. வீட்டில் பழகியபடி "மாமா, முதல்ல இருந்து" என்றான்.

டிரம் நிற்கவில்லை. அண்ணன்காரன் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டி, "வாடா, உள்ள வா, அடுத்த சுத்து" என்று கத்திக்கொண்டே அடித்தான். இவன் பிக்கைத் தொடையில் துடைத்து, திருப்பிப் பிடித்து, எந்தக் கார்டு போய்க்கொண்டிருக்கிறது என்று காதால் தேடி, டியில் வந்து நுழைந்தான். நுழைந்த அந்த அடி சரியாக ஸ்னேர் டிரம்மோடு விழுந்தது. அவன் முகத்தை நான் பார்த்தேன். மூன்று வாரம் மெட்ரோனோமோடு உட்கார்ந்ததில் வராத ஒன்று அந்த ஒரு அடியில் வந்துவிட்டது.

சத்தத்தை ஆளும் பாடமும் அங்கேதான் கிடைக்கும். படுக்கையறையில் சின்ன ஆம்பில் தெரியாத தப்பெல்லாம் பெரிய ஆம்பில் அலறும். அடிக்காத கம்பிகளை ஆட்காட்டி விரலின் அடிப்பாகத்தால் தொட்டு அடக்காவிட்டால் கீச்சென்று ஊளையிடும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் கிட்டாரின் வால்யூமைக் குறைக்க வேண்டும் என்பது ஒரே நாளில் பழகிவிடும். இயர் பிளக் கட்டாயம். 85 டெசிபெலில் 8 மணி நேரம்வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். டிரம் வாசிக்கும் சின்ன அறையில் அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். காது போனால் திரும்பி வராது, இதில் பிள்ளைகளோடு நான் சமரசம் செய்வதே இல்லை.

இந்த வழியிலும் ஆபத்து இருக்கிறது. கார்டு மாற்றவே தெரியாமல் போனால் இரண்டு மணி நேரமும் சத்தம் மட்டும்தான் மிஞ்சும், கூட வந்தவர்களுக்கு அடுத்த தடவை வர மனம் வராது. தப்பான கைப்பழக்கம் வேகத்தில் இன்னும் இறுகிவிடும். சேர்ந்து வாசிக்க ஆள் கிடைப்பதும் எல்லோருக்கும் எளிதில்லை. ஆனால் கோலாலம்பூரில் பங்க் என்பது வெறும் இணையத்து இசை கிடையாது. 1991இல் தொடங்கிய கார்பரேட்டர் டங் இந்த ஊர்க் குழு. அம்பாங்கில் ரூமா ஆப்பி என்ற பங்க் நிகழ்ச்சி இடத்தைப் பையன்களே நடத்தினார்கள். 2015 ஆகஸ்டில் போலீஸ் சோதனை நடந்தபோது அது செய்தித்தாள்வரை வந்தது. இப்படிப்பட்ட சின்ன நிகழ்ச்சிகளில் மேடையும் உயரமாக இருக்காது, வாசிப்பவரும் எட்டாத தூரத்தில் இருக்கமாட்டார். வாசித்து முடித்தவரிடம் போய், "அபாங் (அண்ணே), அந்த இரண்டாவது பாட்டில் கையை எப்படி வைத்தீங்க?" என்று கேட்டால் கிட்டாரை உங்கள் கையிலேயே கொடுத்துக் காட்டுவார். எனக்கு முழங்கையை விட்டு மணிக்கட்டால் அடிக்கச் சொன்னது அப்படி ஒரு மலாய்க்கார அண்ணன்தான். ஐந்து நிமிடம், காசு வாங்கவில்லை.

நம் பிள்ளைகளை இந்த நிகழ்ச்சிகளில் அதிகம் பார்க்க முடிவதில்லை, அது எனக்கு வருத்தம். சொல்லிசையில், அதாவது ராப்பில், பாடகர் யோகி பி காலத்திலிருந்து மலேசியத் தமிழுக்கு ஓர் இடம் இருக்கிறது. கிட்டாரை எடுத்து வேகமாக, தமிழில், தன் ஃப்ளாட்டைப் பற்றியும் தன் தெருவைப் பற்றியும் கத்திப் பாட என்ன தடை? கட்டு, வெட்டு, எட்டு, நில்லு என்று இரட்டித்து வரும் சொற்கள் கீழ் அடியில் வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பாடிப் பாருங்கள். இதற்கென்றே செய்த மொழி மாதிரி இருக்கும்.

வாத்தியம் பற்றிக் கொஞ்சம். பல வீடுகளில் மூலையில் ஒரு கிட்டார் காப்போக், அதாவது சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், இருக்கும். முதலில் அதில் பழகட்டும், பிறகு எலெக்ட்ரிக் வாங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பங்க்குக்கு அது சுற்று வழி. அக்கூஸ்டிக்கில் கம்பி தடிமன், விரல் சீக்கிரம் நோகும். டிஸ்டார்ஷன் இல்லாததால் பாம் மியூட் சரியாக விழுகிறதா என்பதும் தெளிவாகத் தெரியாது. இரண்டாம் கை எலெக்ட்ரிக் ஒன்று போதும். வாங்கும் முன் எல்லா ஃப்ரெட்டிலும் அழுத்திப் பாருங்கள், எங்கும் ரீங்காரம் இருக்கக் கூடாது. கம்பி 10-46 செட். பிக் 0.73 அல்லது 0.88 மில்லிமீட்டர், மெல்லிய பிக் வேகத்தில் வளைந்து தாளத்தைத் தவறவிடும். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் ஹெட்போன் போடும் வசதியுள்ள சின்ன ஆம்ப் பாருங்கள். கீழ்வீட்டு ஆன்ட்டியோடு சண்டை வந்தால் பயிற்சி நின்றுவிடும்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் நான் மியூசிக் சென்டரைத்தான் சொல்வேன். பின்னால் இசைக் கல்லூரிக்குப் போகும் எண்ணம் உள்ளவருக்கும் அதுதான் நல்லது, அங்கே தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு, கூட வாசிக்க ஆள் இல்லாமல் இருக்கும் பெரியவருக்கு நல்ல தனி ஆசிரியர். பதினைந்து வயதைத் தாண்டி, இந்த இசை மேல் ஆசை வந்து, கூட இரண்டு பேர் இருந்தால் சென்டரில் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். மூன்று கார்டும் ஒரு நிமிடக் கீழ் அடியும் வந்த உடனே ஸ்டூடியோவுக்குப் போய்விட வேண்டும். இடையில் நாலு வகுப்பு ஒரு ஆசிரியரிடம் கையைக் காட்டலாம். யூடியூப் எல்லோருக்கும் உண்டு, அகராதி மாதிரி, தேவைப்படும்போது திறந்து பார்க்க.

அக்காவிடம் இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். சென்டருக்கு எடுத்து வைத்திருந்த காசில் 80 வெள்ளியை ஸ்டூடியோவுக்கு ஒதுக்கச் சம்மதித்தார். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும். தவணைத் தேர்வு மாதத்தில் கிடையாது. மகன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று ராத்திரி எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வலது கை மட்டும், விரலில் பிளாஸ்டர் ஒட்டியபடி, 120இல் ஒரு நிமிடம் இருபது வினாடி. முழங்கை அசையவில்லை. நாற்பதாவது வினாடியில் பிக் கொஞ்சம் திரும்பியது. நிறுத்தாமலே விரலால் தள்ளிச் சரிசெய்துகொண்டான். அண்ணன்காரனுக்கும் அதை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு அறை பதிவு செய்தேன்.